சொரியாசிஸ் சிகிச்சையில் எதை, எப்போது எதிர்பார்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொரியாசிஸ் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களிடம் பேசினால், மருந்து சரியில்லை என்பார்கள். விசாரித்தால் வேறு கதை தெரியவரும். எத்தனை வாரத்தில் என்ன மாறும் என்று யாரும் சொல்லாததால் மூன்றாம் வாரமே மருந்தை மாற்றியிருப்பார்கள். எவ்வளவு பூச வேண்டும் என்று தெரியாமல் தேவையில் கால் பங்கைப் பூசியிருப்பார்கள். அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கேள்வி பதில். உங்களுக்கான மருந்தையும் அளவையும் உங்களைப் பரிசோதித்த தோல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இங்குள்ள எண்கள் அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் அவரிடம் சரியாகக் கேட்கவும் உதவும்.

இது முழுதாகக் குணமாகுமா?

இனி வரவே வராது என்ற உறுதியை இன்று எந்த மருந்தாலும் தர முடியாது. ஆனால் தோல் முழுக்கத் தெளிந்து மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அப்படியே இருப்பது சாத்தியம்.

மேல்தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர வழக்கமாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் திட்டுகளில் அது மூன்று முதல் ஐந்து நாட்களில் நடந்துவிடுகிறது. முதிராத செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து வெள்ளி நிறச் செதிலாகின்றன. இந்த வேகத்தைத் தூண்டுபவை நோய் எதிர்ப்பு மண்டலம் சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூகின் 17, இன்டர்லூகின் 23 போன்ற புரதங்கள். மருந்துகள் இந்தத் தூண்டுதலை அடக்குகின்றன. அதற்கு இடம் தரும் மரபணு அமைப்பு அப்படியேதான் இருக்கும். ‘ரத்தத்தைச் சுத்தம் செய்து வேரோடு எடுத்துவிடுகிறோம்’ என்று சொல்பவரிடம் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு உடலெங்கும் மழைத்துளி அளவில் சிறு சிறு திட்டுகள் வருவதுண்டு. இந்த வகை பலருக்குச் சில மாதங்களில் தானாகவே அடங்கும். சிலருக்கு மட்டும் பின்னாளில் பெரிய திட்டுகளாக மாறும்.

மருந்து தொடங்கி எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும்?

ஒவ்வொரு மருந்துக்கும் தனிக் கணக்கு. ஸ்டீராய்டு களிம்பில் ஓரிரு வாரத்திலேயே செதில் குறையும். நான்கு வாரத்தில் தீர்ப்பு சொல்லலாம். கால்சிபோட்ரையால் போன்ற வைட்டமின் டி வகைக் களிம்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் தேவை. ஒளி சிகிச்சையில் எட்டுப் பத்து அமர்வுகளுக்குப் பிறகுதான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். மாத்திரைகளில், மெத்தோட்ரெக்ஸேட் வேலையைக் காட்டவே நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். அது போதுமா போதாதா என்று பதினாறாம் வாரம்தான் முடிவு செய்வார்கள். அப்ரெமிலாஸ்டுக்கும் அதே பதினாறு வாரம். அசிட்ரெடின் இன்னும் மெதுவானது, மூன்று முதல் ஆறு மாதம். சைக்ளோஸ்போரின் இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலன் காட்டும்.

குணமாவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் செதில் குறையும், பிறகு தடிப்பு இறங்கும், சிவப்பு அதற்கப்புறம்தான் மங்கும். பல திட்டுகள் நடுவில் முதலில் தெளிந்து விளிம்பு வளையம்போல நிற்கும். இதைப் பார்த்து ‘புதிதாகப் படர்தாமரை வந்துவிட்டது’ என்று பயந்து, கடையில் வேறு மருந்து வாங்கிப் போடுபவர்கள் உண்டு. தேவையில்லை. முழங்கை, முழங்கால், கணுக்காலுக்கு மேல் உள்ள முன்கால் ஆகியவை கடைசியாகத்தான் தெளியும். நகத்துக்குத் தனிப் பொறுமை வேண்டும்: கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளர்வதால் முழு நகம் மாற ஆறு மாதம் ஆகும், கால் நகத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு.

செதில் போய்விட்டது, ஆனால் கறுப்பாக இருக்கிறதே? மருந்தைத் தொடரலாமா?

நம் நிறத் தோலில் மிக அதிகமாகக் குழப்பம் தரும் விஷயம் இதுதான். அழற்சி அடங்கிய இடத்தில் கறுப்பாகவோ, சில சமயம் வெளுப்பாகவோ ஒரு நிறமாற்றம் தங்கும். அது நோய் இல்லை. விரல் நுனியால் தடவிப் பாருங்கள்: சுற்றியுள்ள தோலோடு சமமாக, செதில் இல்லாமல், வழவழப்பாக இருந்தால் திட்டு ஆறிவிட்டது. அந்தக் கறை மறைய பல மாதங்கள் ஆகலாம். அதை மறைக்க வேண்டுமென்று வீரியமான ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நிரந்தர வரிகள் விழும். தடவும்போது மேடாகத் தட்டுப்பட்டாலோ, லேசாகச் சுரண்டினால் வெள்ளைப் பொடி வந்தாலோ மட்டும் நோய் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

அழற்சி நடக்கும்போதும் நம் தோலில் ‘சிவப்பு’ தெரியாமல் ஊதா கலந்த பழுப்பாகத் தெரியலாம். வெள்ளைத் தோல் படங்களை இணையத்தில் பார்த்துவிட்டு ‘எனக்கு இருப்பது சொரியாசிஸ் இல்லை’ என்று முடிவு செய்துவிடக் கூடாது.

சிகிச்சை பலிக்கிறதா என்று எப்படி அளப்பது?

விரல்களைச் சேர்த்து வைத்த உங்கள் உள்ளங்கை உங்கள் உடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். திட்டுகளை எல்லாம் சேர்த்தால் எத்தனை உள்ளங்கை வரும் என்று மாதம் ஒருமுறை எண்ணி எழுதுங்கள். அதே இடத்தை, அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது, படம் காட்டிக்கொடுக்கும்.

நோயின் பரப்பையும் தீவிரத்தையும் சேர்த்து அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பாஸி மதிப்பெண் 0 முதல் 72 வரை போகும். ‘பாஸி 75’ என்றால் தொடங்கியபோது இருந்ததில் நான்கில் மூன்று பங்கு குறைந்திருக்கிறது என்று அர்த்தம்; பாஸி 90 என்றால் பத்தில் ஒன்பது பங்கு. இதோடு, நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் பத்துக் கேள்விகள் கொண்ட படிவமும் உண்டு. அதற்கு 0 முதல் 30 வரை மதிப்பெண். இரண்டாவது எண்ணையும் முதல் எண்ணுக்கு இணையாக மதிக்க வேண்டும். இரண்டே உள்ளங்கை அளவு நோய் உள்ளங்காலிலோ பிறப்புறுப்பிலோ இருந்தால் நடக்க முடியாமல், தாம்பத்தியம் இல்லாமல் ஆகிவிடும். பரப்பு சிறியது என்பதால் பூச்சு மருந்தோடு நிறுத்திக்கொள்வது அங்கே நியாயமில்லை. கூச்சப்பட்டு இதைச் சொல்லாமல் திரும்பிவிடாதீர்கள்.

முதல் சந்திப்பிலேயே ‘இந்த மருந்தில் எத்தனையாவது வாரம் எவ்வளவு குறைய வேண்டும், குறையாவிட்டால் அடுத்து என்ன?’ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

களிம்பை எவ்வளவு பூச வேண்டும்?

பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். உங்களுக்கு எட்டு உள்ளங்கை அளவு திட்டுகள் இருந்தால் ஒரு வேளைக்கு நான்கு கோடு, அதாவது 2 கிராம். தினம் ஒருவேளை என்றால் இரண்டு வாரத்துக்கு 28 கிராம்; 30 கிராம் டியூப் ஒன்று தீர்ந்துபோக வேண்டும். 15 கிராம் டியூபை வைத்து மூன்று மாதம் ஓட்டியிருந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வேலை செய்யும் அளவில் அது தோலை எட்டவே இல்லை.

திட்டின் மேல் மட்டும், மெல்லிய படலமாக, முடி வளரும் திசையில் தடவுங்கள். மாய்ஸ்சரைசரும் போடுவதாக இருந்தால் இரண்டுக்கும் இடையில் அரை மணி நேரம் விடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றை நீர்த்துப்போகச் செய்துவிடும். கால்சிபோட்ரையால் பூசும் இடத்தில் சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பைப் பூசக் கூடாது. அமிலம் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். இந்த ஒரு தவறால் மட்டுமே மருந்து பலிக்காமல் போனவர்கள் நிறையப் பேர்.

ஸ்டீராய்டு களிம்பு ஆபத்தா?

சரியாகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை, அளவில்லாமல் போட்டால் ஆபத்து. மிக வீரியமான குளோபெட்டாசால் 0.05 சதவீதக் களிம்பை வழக்கமாகத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பூசுவதில்லை. வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. முகம், அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், பிறப்புறுப்பு ஆகிய இடங்களுக்கு அது ஆகாது; அங்கே தோல் மெல்லியது, மருந்து அதிகமாக உள்ளே போகும். அந்த இடங்களுக்கு மென்மையான ஸ்டீராய்டைச் சில நாட்களோ, ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்போ தருவார்கள். டாக்ரோலிமஸ் முதல் சில நாட்கள் எரியும், பிறகு பழகிவிடும்.

திட்டு இறங்கியதும் சட்டென்று நிறுத்தினால் சில நாட்களில் திரும்ப எழும். அதனால் மருத்துவர்கள் ஒரு முறையைச் சொல்வார்கள்: சனி, ஞாயிறு ஸ்டீராய்டு, மற்ற ஐந்து நாட்கள் கால்சிபோட்ரையால். இப்படி மாதக்கணக்கில் தோல் மெலியாமல் கட்டுக்குள் வைக்கலாம். கால்சிபோட்ரையாலுக்கும் பெரியவர்களுக்கு வாரம் 100 கிராம் என்ற எல்லை உண்டு. தாண்டினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்.

மாத்திரையாகவோ ஊசியாகவோ ஸ்டீராய்டு போட்டுக்கொள்வது முற்றிலும் வேறு விஷயம். ஊசி போட்ட ஒரு வாரத்தில் தோல் பளிச்சென்று ஆகும். அதன் வேகம் குறையும்போது முன்பு இருந்ததைவிட மோசமாகத் திரும்பும். சிலருக்கு உடல் முழுவதும் சிவந்து, சீழ்க் கொப்புளங்கள் வந்து, மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வரும். ‘ஒரே ஊசியில் சரியாகிவிட்டது’ என்று யாராவது கைகாட்டும் இடத்துக்குப் போகுமுன், அந்த ஊசியின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்துக் கடையில் ‘படை, அரிப்புக்கு’ என்று தரும் க்ரீம் போடலாமா?

வேண்டாம். அவற்றில் பல, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், வீரியமான ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்தவை. இந்தியாவில் பூச்சு ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் விதியை இறுக்கினார்கள். ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. அரிப்பு அடங்குவதால் நல்ல மருந்து என்று தோன்றும். உண்மையில் நோயின் தோற்றமே மாறி, பிறகு பார்க்கும் மருத்துவருக்குப் படர்தாமரையா சொரியாசிஸா என்று கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும்.

தலையில் செதில் கொட்டுகிறது. என்ன வரிசையில் செய்வது?

தலைக்கு மருந்து போடுவதில் பாதி வேலை செதிலை இளக்குவது. கெட்டிச் செதிலின் மேல் லோஷனை ஊற்றினால் அது தோலைத் தொடாது.

இரவில் தேங்காய் எண்ணெயையோ, மருத்துவர் எழுதிய 3 முதல் 6 சதவீத சாலிசிலிக் அமிலக் களிம்பையோ தலைத்தோலில் தேய்த்து, பழைய துணியால் தலையைக் கட்டிக்கொண்டு தூங்குங்கள். காலையில் கோல்தார் ஷாம்பு போட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். போட்டவுடன் கழுவினால் அது சாதாரண ஷாம்பு அளவுக்குத்தான் பயன்படும். தலை உலர்ந்ததும் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோலில் படுமாறு ஸ்டீராய்டு லோஷனைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முடியில் பட்டதெல்லாம் வீண். செதில் மெலியும்வரை ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டு, பிறகு வாரம் இரண்டு முறை போதும்.

பேன் சீப்பால் செதிலைப் பெயர்க்காதீர்கள். கீறல் விழுந்த இடத்தில் புதுத் திட்டு கிளம்பும், முடியும் கையோடு வரும். சொரியாசிஸால் கொட்டிய முடி பெரும்பாலும் நோய் அடங்கியதும் முளைத்துவிடும்.

அடிபட்ட இடத்திலெல்லாம் வருவது ஏன்?

தோலில் காயம், உராய்வு, தீக்காயம், அம்மைத் தழும்பு எது விழுந்தாலும் சில நாட்கள் முதல் சில வாரங்களுக்குள் அதே இடத்தில் சொரியாசிஸ் எழக்கூடும். கோப்னர் விளைவு என்று இதைச் சொல்வார்கள். அரைஞாண் கயிறு, இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா, பெல்ட், செருப்பு வார் அழுத்தும் கோட்டிலேயே நோய் ஓடுவதைப் பார்க்கலாம். கயிற்றைத் தளர்த்துங்கள், முடிந்தால் எடுத்துவிடுங்கள்; நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் போடுங்கள். நோய் சுறுசுறுப்பாக இருக்கும்போது பச்சை குத்துவது, அலகு குத்துவது, பிளேடால் மழிக்கும் மொட்டை ஆகியவற்றைத் தள்ளிப்போடுங்கள். வேண்டுதல் இருந்தால் நோய் அடங்கிய மாதத்தில், மெஷினால் எடுக்கச் சொல்லலாம்.

குளிக்கும்போது பீர்க்கங்கூடு, கல், நார் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு. துவட்டும்போது ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன்னே மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை. வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியோ, லிக்விட் பாரஃபினோ, தேங்காய் எண்ணெயோ போதும். ஒரு எச்சரிக்கை: பாரஃபின் ஊறிய துணி தீயைச் சட்டென்று பிடிக்கும். பூசிக்கொண்டு அடுப்படியில் நிற்பவர்கள் சேலைத் தலைப்பைக் கவனியுங்கள்.

ஒளி சிகிச்சைக்கும் வெயிலில் நிற்பதற்கும் என்ன வித்தியாசம்?

நேரோபேண்ட் யூவிபி எனப்படும் புற ஊதாக் கதிர் சிகிச்சையில் ஏறத்தாழ 311 நானோமீட்டர் அலைநீளம் மட்டும், அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித் தரப்படுகிறது. வெயிலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வெந்துபோனால் அந்தக் காயத்திலேயே நோய் எழும்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, மொத்தம் 20 முதல் 30 அமர்வுகள். ஒவ்வொரு அமர்வும் சில நொடிகளிலிருந்து சில நிமிடங்கள்தான். ஆனால் போக்குவரத்து அப்படியில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்கு வர முடியுமா என்று தொடங்குமுன்பே யோசித்துச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டு வந்தால், விட்ட இடத்திலிருந்து அளவைத் தொடர முடியாது; குறைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். இடைவெளியைச் சொல்லாமல் மறைத்தால் தோல் வெந்துவிடும்.

கண்களைக் காக்கும் கண்ணாடி கட்டாயம், ஆண்கள் பிறப்புறுப்பை மறைக்க வேண்டும். கெட்டியான வாஸலினோ சாலிசிலிக் களிம்போ பூசிக்கொண்டு நின்றால் ஒளி உள்ளே போகாது. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு பரவாயில்லை. கால்சிபோட்ரையாலை அமர்வுக்குப் பிறகு பூசுங்கள். மாநிறத் தோலில் வெந்த சிவப்பு தெரியாது என்பதால், அன்றிரவு எரிச்சலோ தொட்டால் வலியோ இருந்ததா என்பதை அடுத்த முறை ஊழியர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும்?

வாரத்துக்கு ஒரே ஒரு நாள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு, இந்தியாவிலும் வெளிநாடுகளிலும்.

வழக்கமான அளவு வாரத்துக்கு 7.5 முதல் 15 மி.கி., சிலருக்கு 25 வரை. இதோடு ஃபோலிக் அமிலம் 5 மி.கி. மாத்திரையும் வேறு நாளில் தருவார்கள். இரண்டும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாக இருப்பதுண்டு. கடைக்காரர் ஒரே காகித உறையில் போட்டுக் கொடுப்பதும் உண்டு. தவறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்து, ‘ஞாயிறு மட்டும்’ என்று பட்டையின் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். 2.5, 5, 7.5, 10 மி.கி. எனப் பல அளவுகளில் பட்டைகள் விற்கின்றன. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் எண்ணைப் படியுங்கள். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் வேறு ஒருவர் என்றால் அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் மறந்துவிட்டால் இரண்டு நாட்களுக்குள் நினைவு வந்தால் சாப்பிடலாம். அதைத் தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு, வழக்கமான நாளில் வழக்கமான அளவு மட்டும். இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது.

குமட்டல் இருந்தால் இரவு உணவுக்குப் பின் சாப்பிட்டுத் தூங்கிவிடலாம். மருத்துவர் அனுமதித்தால் அன்றைய அளவையே 24 மணி நேரத்துக்குள் பிரித்தும் சாப்பிடலாம். அப்படியும் முடியாவிட்டால் தோலடி ஊசி வடிவம் இருக்கிறது. வாய்ப் புண், காய்ச்சலோடு தொண்டை வலி, காரணமில்லாமல் நீலத் தடிப்பு, வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முறிவு மருந்து உண்டு. சீக்கிரம் போனால்தான் அது பயன்படும்.

ஈரல் கெட்டுப்போகாதா?

கண்காணிக்காமல் சாப்பிட்டால் கெடலாம். தொடங்குமுன் ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகள். முதல் சில மாதங்கள் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மாத்திரை சாப்பிட்ட மறுநாளே ரத்தம் கொடுத்தால் ஈரல் நொதிகள் தற்காலிகமாக ஏறியிருக்கும், தேவையில்லாமல் மருந்தை நிறுத்த நேரும். அதனால் அடுத்த மாத்திரைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு ரத்தம் கொடுங்கள்.

மதுவை விட்டுவிட வேண்டும். உடல் பருமன், சர்க்கரை நோய் இருப்பவருக்கு ஈரல் ஆபத்து கூடுதல். கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் இதோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கிவிடும். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு மருத்துவரிடம் போனால் ‘நான் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வலி மாத்திரைகளையும் கேட்காமல் சாப்பிடாதீர்கள்.

மற்ற மாத்திரைகளில் கவனிக்க வேண்டியது என்ன?

அப்ரெமிலாஸ்டை முதல் நாள் 10 மி.கி.யில் தொடங்கி, ஆறாம் நாள் முதல் காலை 30, இரவு 30 என்ற அளவுக்குப் படிப்படியாக ஏற்றுவார்கள். முதல் சில வாரம் பேதியும் குமட்டலும் வரும், பெரும்பாலும் ஒரு மாதத்தில் அடங்கும். உடல் எடையும் மனநிலையும் இறங்கினால் சொல்லுங்கள். சைக்ளோஸ்போரினில் ரத்த அழுத்தத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிரு ஆண்டுக்கு மேல் தொடர்வதில்லை. அசிட்ரெடினில் உதடு வெடிக்கும், முடி கொட்டலாம், கொழுப்பு ஏறலாம். அதை நிறுத்தி மூன்று ஆண்டுகள் வரை கருத்தரிக்கக் கூடாது என்பதால் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்குத் தவிர்க்கிறார்கள். ஆணோ பெண்ணோ, நிறுத்திய பிறகும் மூன்று ஆண்டுகள் ரத்த தானம் கூடாது.

பயாலஜிக் ஊசி போட்டால் நிரந்தரத் தீர்வா?

இல்லை. பயாலஜிக் என்பவை நோயைத் தூண்டும் குறிப்பிட்ட புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள். இன்றுள்ள மருந்துகளில் அதிகம் பேருக்கு பாஸி 90ஐ எட்டித் தருவது இந்த ஊசிகள்தான். அடாலிமுமாப் டி.என்.எஃப்.பையும், செகுகினுமாப் இன்டர்லூகின் 17ஐயும் தடுக்கின்றன. செகுகினுமாப் 300 மி.கி. முதல் ஐந்து தவணைகள் வாரம் ஒன்றாக, பிறகு மாதம் ஒன்றாகப் போடப்படும். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நோய் திரும்பும். ஆகவே ‘முதல் ஐந்து ஊசிக்கு எவ்வளவு’ என்று மட்டும் கேட்காமல், ஓராண்டுக்கு எவ்வளவு, நின்றுபோனால் மாற்று என்ன என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நகையை அடகு வைத்து மூன்று மாதம் போட்டுவிட்டு நிறுத்துவதைவிட, தொடர்ந்து கட்டுப்படியாகும் மெத்தோட்ரெக்ஸேட் நல்ல முடிவு என்பதே எங்கள் கருத்து.

நம் நாட்டில் காசநோய் பரவலாக இருப்பதால் மார்பு எக்ஸ்ரேயும், மாண்டூ எனும் தோல் பரிசோதனை அல்லது ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் ஊசியைத் தொடங்கக் கூடாது. உறங்கும் காசக் கிருமி இருந்தால் அதற்கான தடுப்பு மருந்தை வழக்கமாக ஒரு மாதமாவது சாப்பிட்ட பிறகே முதல் ஊசி. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளும் தேவை. ஊசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறைநிலைப் பெட்டியில் வைக்கக் கூடாது.

காலையில் விரல் மடங்கவில்லை. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானோருக்கு மூட்டழற்சி வருகிறது. பெரும்பாலும் தோல் நோய் வந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு. எழுந்ததும் அரை மணிக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, ஒரு விரல் முழுவதும் வீங்குவது, குதிகால் வலி, நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் ஆகியவை அடையாளங்கள். மூட்டு தேய்ந்து கோணிவிட்டால் திரும்பச் சரியாகாது. ‘வயசாகிவிட்டது’ என்று விடாமல் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் சொல்லுங்கள்.

பத்தியம் உண்டா? கத்திரிக்காய், கருவாடு தவிர்க்கணுமா?

பொதுவாக எல்லோருக்கும் சொரியாசிஸைக் கூட்டும் என்று நிரூபிக்கப்பட்ட காய்கறியோ மீனோ இல்லை. குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிடும்போதெல்லாம் கூடுகிறது என்று உங்களுக்குத் திரும்பத் திரும்பத் தெரிந்தால் அதை மட்டும் விடுங்கள். உண்மையாகவே பலன் தருவது கூடுதல் எடையைக் குறைப்பது, மதுவையும் புகையையும் விடுவது. எடை குறைந்தால் மருந்தும் நன்றாக வேலை செய்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள்.

உணவைவிட மருந்துகள் சில நோயைத் தூண்டும்: லித்தியம், ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான்கள், குளோரோகுயின் வகை. இவற்றை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள்.

வெட்பாலைத் தைலம், சித்த மருந்து சேர்த்து எடுக்கலாமா?

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்து எடுக்கும் ஊதா நிறத் தைலம் தமிழ்நாட்டில் சொரியாசிஸுக்கு நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. செதிலை இளக்கவும் ஈரப்பதம் தரவும் அது உதவும். ஒளி சிகிச்சை நாளில் மட்டும் பூச வேண்டாம். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து என்றால், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம், சீட்டில் மருந்தின் பெயரோடு வாங்குங்கள். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர் அதை இரண்டு மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும்; இரண்டு பக்கமும் ஈரலைப் பார்ப்பது யார் என்று தெளிவாக இருக்க வேண்டும். பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் பொடியோ களிம்போ நான்கே நாளில் அதிசயம் செய்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

ஒட்டுமா? கல்யாணத்துக்குத் தடையா?

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே துண்டால் துடைத்தாலும், தாம்பத்தியத்தாலும் பரவாது. உலக சுகாதார அமைப்பின் பேரவை 2014இல் நிறைவேற்றிய தீர்மானமே இதைத் தொற்றாத நோய் என்று குறிப்பிடுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. பெண் பார்க்கும் முன் மறைப்பதற்காகக் குறுக்கு வழியில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது, கல்யாணம் முடிந்த சில வாரங்களிலேயே நோயைப் பெருக்கிவிடும். தேதி நிச்சயமானால் நான்கு மாதம் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ற சிகிச்சையைத் திட்டமிட முடியும்.

குழந்தைக்குத் திட்டமிடுவோர் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும். நிறுத்திப் பல மாத இடைவெளி தேவை. கர்ப்பத்தில் சிலருக்கு நோய் தானாகக் குறையும், பிரசவத்துக்குப் பிறகு திரும்பும். அந்தக் காலத்தில் மாய்ஸ்சரைசர், மிதமான ஸ்டீராய்டு, நேரோபேண்ட் ஒளி ஆகியவற்றை வைத்துச் சமாளிக்கலாம்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

உடல் முழுவதும் சிவந்து உரிந்து, குளிர் நடுக்கம், கால் வீக்கம் வந்தால். காய்ச்சலோடு சிவந்த தோலில் சிறு சீழ்ப் புள்ளிகள் கூட்டமாகக் கிளம்பினால். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலும் அதே அவசரம்தான். சொரியாசிஸோடு மனச்சோர்வு வருவது சாதாரணம், அதற்கும் சிகிச்சை உண்டு.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப் போவது?

பயன்படுத்தும் எல்லா டியூபும் மாத்திரைப் பட்டையும், காலியானவையும் சேர்த்து. எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்பதே மருத்துவருக்குப் பெரிய தகவல். கடையில் வாங்கியது, உறவினர் கொடுத்தது, தைலம் எதையும் விட்டுவிடாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்ட தேதிகள், ரத்த முடிவுகள், மாத வாரியான படங்கள் வேண்டும். அன்று காலை எண்ணெய் தேய்க்காமல், செதிலைச் சுரண்டாமல், நகத்தில் பாலிஷோ மருதாணியோ இல்லாமல் போங்கள். சட்டையைக் கழற்றிக் காட்டத் தோதான உடை போட்டுக்கொள்ளுங்கள். தலை, தொப்புள், பிட்டப் பிளவு, உள்ளங்கால் வரை பார்க்கச் சொல்லுங்கள்.